தலைப்பாகைக்கு இடம் உண்டா?

ஆலங்குடி என்றதும் நேயர்களில் பாதிப் பேர் குருபகவானை நினைத்துக் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். குரு ஸ்தலமான ஆலங்குடி திருவாரூர் ஜில்லாவில் இருக்கிறது. நான் சொல்ல வந்த ஆலங்குடி புதுக்கோட்டை ஜில்லாவில் உள்ளது. தொண்டைமான்கள் ஆண்ட நாளில் அந்தச் சமஸ்தானத்துக்கு மூன்றே தாலுகாக்கள்: ஆலங்குடி, குளத்தூர், திருமயம். செம்மண்ணும் முந்திரியும் வேர்க்கடலையும் எங்கள் சொத்து. கீரமங்கலம், வடகாடு பக்கம் போனால் பலா மணக்கும். எல்லாம் உண்டு, ரயில் மட்டும் இல்லை. ஆலங்குடிக்காரன் ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் சுமார் 20 கிலோமீட்டர் போய்ப் புதுக்கோட்டையில்தான் பார்க்க வேண்டும். ஆகவே எங்கள் ஊரில் வண்டி வைத்துக் கொள்வது ஆடம்பரம் அல்ல. கை கால் வைத்துக் கொள்வது மாதிரி.

சென்ற சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். என் பெரியப்பாவின் பேரன், அதாவது அண்ணன் மகன், திருச்சியில் வேலை பார்க்கிறான். தினமும் போக ஒரு முறை, வர ஒரு முறை, ஒரு நடைக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு வருஷம் பஸ்ஸில் போய் வந்து அலுத்துவிட்டான். திண்ணையில் வந்து உட்கார்ந்து, “சித்தப்பா, கார் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க ஒரு யோசனை சொல்லுங்க” என்றான்.

“என்ன மாதிரி கார் வேணும்?”

“மிதிச்சா சட்டுன்னு கிளம்பணும். பெட்ரோல் கம்மியாக் குடிக்கணும். நான் உள்ளே உட்காரணும்.”

கடைசி வாக்கியத்தைக் கேட்டு அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே உட்காராமல் யார்தான் கார் ஓட்டுகிறார்கள்? ஆனால் பையனுடைய உயரம் ஆறடி இரண்டு அங்குலம். எங்கள் வீட்டு வாசற்படியில் குனியாமல் நுழைய முடியாதவர்கள் இதுவரை இரண்டே பேர். ஒருவன் இவன். இன்னொருவர் இவனுடைய தாத்தா, என் பெரியப்பா. அந்த உயரம் அவரை என்ன பாடு படுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நசிகேதன் எமதர்மராஜனிடம் மூன்று வரம் கேட்டான். அவனுக்கு மூன்றும் கிடைத்தன. அந்த மூன்று வரங்களும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை என்பதுதான் அவன் அதிருஷ்டம். நம் பையன் கேட்ட மூன்று வரங்களோ சக்களத்திகளைப் போன்றவை. வேகம் வேண்டுமென்றால் எஞ்சின் பெரிதாக வேண்டும். எஞ்சின் பெரிதானால் பெட்ரோல் கேட்கும். உயரம் வேண்டுமென்றால் கூரையைத் தூக்க வேண்டும். கூரையைத் தூக்கினால் காற்று வந்து மார்பில் மோதும். காற்றின் கணக்கு பொல்லாத கணக்கு. வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றின் தடை இரண்டேகால் மடங்காகும். மூவரையும் ஓரளவு சமாதானப்படுத்தக் கூடியது ஒன்றே ஒன்று: எடையைக் குறைப்பது. லேசான வண்டி சிறிய எஞ்சினிலேயே துள்ளிக் கிளம்பும். பெட்ரோலும் குறைவாகச் செலவாகும். ஆனால் லேசான வண்டி என்றால் சிறிய வண்டி. சிறிய வண்டிக்குள் நெட்டையானவன் எப்படி உட்காருவான்? வாமனனுக்குச் செய்த வண்டியில் திரிவிக்கிரமனை ஏற்றுவது எப்படி?

இந்தக் கேள்விக்கு உலகத்தில் இரண்டு பேர் அருமையான விடை கண்டார்கள்.

முதலாவது ஆசாமி பிரெஞ்சுக்காரர். பியேர் பூலான்ஜே என்று பெயர். சித்ரோவேன் கம்பெனியின் தலைவர். 1930-களில், பிரான்சு தேசத்துக் குடியானவர்களுக்காக மலிவான மோட்டார் ஒன்று செய்ய ஆசைப்பட்டார். நாலு பேரும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும். 100 கிலோமீட்டர் போக 3 லிட்டருக்கு மேல் பெட்ரோல் செலவாகக் கூடாது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் ஒரு முட்டையும் உடையக் கூடாது. இவை அவர் போட்ட நிபந்தனைகள். பூலான்ஜே நல்ல உயரம். அதோடு தொப்பி போடுகிறவர். மாதிரி வண்டியின் கூரை தம்முடைய தொப்பிக்கு இடைஞ்சலாக இருக்கக் கண்டு, கூரையை உயர்த்தச் சொன்னாராம். இடையில் யுத்தம் வந்தது. கடைசியில் 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கார் வெளி வந்தது. பத்திரிகைக்காரர்கள் அதன் உருவத்தைப் பார்த்துக் கேலி செய்தார்கள். 375 சி.சி. எஞ்சினுக்கு ஒன்பது குதிரைச் சக்திதான். ஆகவே வேகம் என்ற வரம் அதில் கிடைக்கவில்லை. மற்ற இரண்டும் கிடைத்தன.

இரண்டாவது ஆசாமி அலெக் இஸிகோனிஸ். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர். 1956-ல் எகிப்தின் நாஸர் சூயஸ் கால்வாயை தேசவுடைமை ஆக்கினார். அதைத் தொடர்ந்த சண்டையில் கால்வாய் அடைபட்டு, இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. பெரிய கார்க்காரர்கள் எல்லோரும் பெட்ரோல் கூப்பனைக் கையில் வைத்துக் கொண்டு விழித்தார்கள். பெட்ரோல் அதிகம் கேட்காத, ஆனால் மனிதர்கள் உட்காரக் கூடிய கார் ஒன்று செய்யும்படி இஸிகோனிஸிடம் சொன்னார்கள். அவர் எஞ்சினை நீளவாட்டில் வைக்காமல் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை எஞ்சினுக்கு அடியிலேயே செருகினார். சக்கரங்களைப் பத்து அங்குலமாகக் குறைத்தார். பத்தடி நீளமுள்ள வண்டியில் ஏறக்குறைய எட்டடியை மனிதர்களுக்கும் சாமான்களுக்கும் ஒதுக்கிவிட்டார். 1959 ஆகஸ்டில் வந்த அந்த வண்டிதான் மினி. 848 சி.சி.யில் ஆரம்பித்த அது, எஞ்சினைச் சற்றுப் பலப்படுத்தியதும் 1964-ல் மாண்டி கார்லோ பந்தயத்திலேயே ஜெயித்தது. பெட்ரோல் பஞ்சத்தில் பிறந்த குழந்தை பந்தயக் குதிரையாகவும் ஆனது!

இந்த இரண்டு பேரும் செய்த காரியத்தில் ஒரு பொது அம்சம் இருக்கிறது. இருவரும் முதலில் மனிதனை உட்கார வைத்தார்கள். பிறகு அவனைச் சுற்றி வண்டியைக் கட்டினார்கள். சாதாரணமாக உலகத்தில் நடப்பது அதுவல்ல. முதலில் வண்டியைக் கட்டிவிட்டு, மிச்சம் இருக்கிற இடத்தில் மனிதனைத் திணிப்பதுதான் வழக்கம்.

நம் தேசத்துக் கதைக்கு வருகிறேன்.

பெட்ரோல் சிக்கனம் நமக்குப் புதிதல்ல. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் தவித்தபோது, மதுரையில் பஸ் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் கரியை எரித்து வரும் வாயுவிலே எஞ்சினை ஓட வைக்கும் சாதனத்தைத் தயாரித்து விற்றார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் கரி பஸ்ஸைப் பற்றிக் கதை கதையாய்ச் சொல்வார்கள். வண்டியின் பின்னால் ஓர் அடுப்பு. அதைக் கிளப்புவதற்குள் பிரயாணிகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். மேடு வந்தால் இறங்கித் தள்ளவும் செய்யலாம். சிக்கனம் இருந்தது. வேகத்தைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு, வெளிநாட்டு மோட்டார்களைப் பகுதி பகுதியாய் இறக்குமதி செய்து பூட்டி விற்பது போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று சர்க்கார் தீர்மானித்தது. 1953-ல் டாரிப் கமிஷன் கொடுத்த யோசனைப்படி, தயாரிக்க விரும்பாத போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்கக் கம்பெனிகள் கடையைக் கட்டிக் கொண்டு போயின. எஞ்சியவை முக்கியமாக மூன்று. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாயில் பிரிமியர். நம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு.

நல்ல நோக்கம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு தேசம் தன் கையால் இரும்பை உருக்கி வண்டி செய்யக் கற்றுக் கொள்வது லேசான காரியமா? ஆனால் வாங்குகிறவனுக்கு என்ன ஆயிற்று? பெரிய குடும்பம் என்றால் 1957-ல் பிறந்த அம்பாஸடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வாரிசு. தலைக்குத் தாராளமான இடம். எடை 1,100 கிலோவுக்கு மேல். யானை அம்பாரி மாதிரி கம்பீரமாகப் போகும். யானைத் தீனியும் தின்னும். கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டுமென்றால் பியட் 1100. பெட்ரோலும் குறைவு, இடமும் குறைவு. அழகும் லாகவமும் வேண்டுமென்றால் 1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். நம் சந்துகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் உருவத்தில் அது தாழ்ந்த வண்டி.

ஆக, மூன்று வரத்துக்கு மூன்று கார். ஒரு வரம் வேண்டுமென்றால் மற்ற வரங்களை விட்டுக் கொடுக்க வேண்டும். அதிலும் புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் பதிவு செய்தவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அந்தக் காரிலே போனார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆகவே ஜனங்கள் காரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தக் கார் கிடைத்ததோ அந்தக் காருக்குத் தகுந்தபடி தங்கள் உடம்பை வளைத்துக் கொண்டார்கள்.

என் பெரியப்பாவும் அப்படித்தான் வளைத்துக் கொண்டார்.

வேர்க்கடலை வியாபாரத்தில் கொஞ்சம் கையில் ஓடிய சமயம், புதுக்கோட்டையில் ஒருவர் விற்ற பழைய காரை அவர் வாங்கினார். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. யார் செய்த வண்டியானாலும் ஆறடி இரண்டு அங்குலத்துக்கு அளவெடுத்துச் செய்யவில்லை. ஸீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளியும் போதவில்லை. இரண்டு முழங்கால்களையும் அகட்டி, ஸ்டியரிங் சக்கரத்தை நடுவில் விட்டு, தவளை உட்கார்ந்த மாதிரி உட்காருவார். தலையில் கட்டும் துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக் கொண்டுதான் ஏறுவார். பின் ஸீட்டில் நின்றுகொண்டு வந்த எனக்கு அப்போது ஏழு வயசு. அதைப் பார்த்து நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார்.

1987-ல் ஐப்பசி மாதம், நல்ல மழை. புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவரும் பெரியம்மாவும் இரவில் திரும்பி வந்து கொண்டிருந்தார்கள். ரோட்டின் குறுக்கே ஒரு கன்றுக்குட்டி ஓடி வந்தது. பெரியப்பா பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினார். முழங்கால் ஸ்டியரிங் சக்கரத்தின் அடியில் மாட்டிக் கொண்டது. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. கன்றுக்குட்டி பிழைத்தது. பெரியம்மாவுக்கு வலது கை மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டார்கள், கூடியது, ஆனால் கொஞ்சம் கோணலாகக் கூடியது. இன்றைக்கும் அந்தக் கையால் அவரால் தயிர்ப் பானையைத் தூக்க முடியாது.

ஊர் என்ன சொல்லும்? “கடலை யாவாரிக்குக் காரு ஓட்டத் தெரியுமா?” என்று சொல்லிற்று. கல்யாணத்தில் என்னத்தைக் குடித்தாரோ என்று கூடச் சிலர் சொன்னார்கள். பெரியப்பா வெற்றிலை கூடப் போடாதவர். அவர் யாரிடமும் வாதாடவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், “கால் வரலையப்பா” என்று மட்டும் சொன்னார். ‘கால் வரலை’ என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பயத்தில் கால் வரவில்லை என்று எல்லோரும் எடுத்துக் கொண்டார்கள். வண்டியை வந்த விலைக்கு விற்றார். அதற்குப் பிறகு இருபது வருஷம், சாகிற வரையில், ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பஸ்ஸில் முன் ஸீட்டுக் கம்பியில் முழங்காலை இடித்துக் கொண்டே போய் வந்தார்.

அவரிடம் ஒரு பிழையும் இல்லை என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. நானே கார் ஓட்டக் கற்றுக் கொண்ட நாளில், முழங்காலுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே நாலு விரல் இடம் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் சொன்னபோது, சட்டென்று அந்த ஐப்பசி இரவு ஞாபகம் வந்தது. அதற்குள் பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதற்கிடையில் உலகம் சும்மா இருக்கவில்லை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கியதும், கச்சா எண்ணெய் விலை சில மாதங்களிலேயே ஏறக்குறைய நாலு மடங்காயிற்று. சிக்கனமான கார் செய்கிறவன்தான் பிழைப்பான் என்ற நிலைமை வந்தது. அந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள் ஜப்பானியர்கள். அவர்களில் ஸுஸுகி கம்பெனியோடு நம் சர்க்கார் கூட்டுச் சேர்ந்து, 1983 டிசம்பர் 14-ந் தேதி முதல் மாருதிக் காரின் சாவியைக் கொடுத்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எடை 650 கிலோவை ஒட்டி. அம்பாஸடரில் பாதியை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். தொட்டால் கிளம்பிற்று, பெட்ரோலை மோந்து பார்த்துவிட்டு ஓடிற்று. இரண்டு வரம் ஒரே வண்டியில்! மூன்றாவது வரத்தை மட்டும் அது தாராளமாகக் கொடுக்கவில்லை. நெட்டையானவர்கள் அதிலிருந்து இறங்குவது, மடக்குக் கத்தியைப் பிரிப்பது மாதிரி இருக்கும்.

மூன்றாவது வரத்தைக் கொடுத்தது யார் தெரியுமா? சட்டம் எழுதுகிறவர்கள்! அதுவும் அவர்கள் அறியாமலே.

ஜப்பானில் சின்னக் கார்களுக்கு வரிச் சலுகை உண்டு. ‘கேய்’ என்று பெயர். அந்தச் சலுகை வேண்டுமானால் எஞ்சின் 660 சி.சி.யைத் தாண்டக் கூடாது. நீளமும் அகலமும் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் உயரத்துக்கு மட்டும் இரண்டு மீட்டர் வரை அனுமதி. ஜப்பானியர்கள் யோசித்தார்கள். பக்கவாட்டில் வீடு கட்ட நிலம் இல்லை. மாடி கட்டலாம் அல்லவா? 1993-ல் ஸுஸுகி கம்பெனி வேகன் ஆர் என்ற நெட்டைக் காரைக் கொண்டு வந்தது. நம் தமிழ்நாட்டிலேயே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், கொரியாவின் ஹுண்டாய் கம்பெனி 1998-ல் ஸான்ட்ரோவைச் செய்தது. அதுவும் அதே ஜாதி. தூக்கிய கூரையைக் கண்டு சிரித்தவர்கள், உள்ளே ஏறி உட்கார்ந்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். அதே வருஷக் கடைசியில் விற்பனைக்கு வந்த டாடா இண்டிகாவுக்குச் சொல்லப்பட்ட லட்சியம் என்ன? வெளி அளவு சிறிய காரைப் போல், உள் இடம் அம்பாஸடரைப் போல் என்பது! ஓய்வு பெறும் வயசிலும் அம்பாஸடரின் மச்சுதான் அளவுகோலாக இருந்தது. 2014-ல் அதன் உற்பத்தி நின்றது.

பிறகு 2006-ம் வருஷ பட்ஜெட்டில், நாலு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோலானால் 1,200 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியை 24-லிருந்து 16 சதவிகிதமாகக் குறைத்தார்கள். அந்த நாலு மீட்டர் கோடு அதற்குப் பிறகும் அழியவில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோதும், கோட்டுக்கு உள்ளே இருக்கும் கார்களுக்கு 18 சதவிகிதம் என்று விதித்தார்கள். இங்கேயும் சட்டம் நீளத்தை அளந்தது, உயரத்தை அளக்கவில்லை. ஆகவே நம் கார்களும் மேல் நோக்கி வளர்ந்தன.

இதில் நெட்டையானவனுக்கு லாபம் எப்படி என்று கேட்கலாம். தரையில் காலை நீட்டி உட்காருகிறவனுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? அவனையே நாற்காலியில் உட்கார வைத்தால் எவ்வளவு இடம் போதும்? அவ்வளவுதான் ரகசியம். ஸீட் உயர்ந்தால் கால் கீழ் நோக்கித் தொங்கும், நீளம் மிச்சமாகும். பெரிய காரில் படுத்துக் கொண்டு ஓட்டுவதை விடச் சின்னக் காரில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவது நெட்டையானவனுக்குச் சுகம்.

இந்தச் சரித்திரம் முழுவதையும் பையனுக்குச் சொன்னேன். தாத்தாவின் கதையையும் சொன்னேன். அவன் அதைக் கேட்டதே இல்லை. தாத்தாவுக்குக் கார் ஓட்ட வராது என்றுதான் அவனுக்கும் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “நான் என்ன பார்க்கணும், சித்தப்பா?” என்றான்.

“புஸ்தகத்தில் போட்டிருக்கிற மைலேஜை வேதவாக்காக எடுத்துக்காதே. அது பரிசோதனைச் சாலையில் உருளை மேல் வண்டியை ஓட விட்டுப் பார்த்த கணக்கு. திருச்சி ரோட்டில் நீ போகிற வேகத்துக்கு அது பொருந்தாது. எடையைக் கேள், எஞ்சினின் சக்தியைக் கேள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வண்டி எப்படிக் கிளம்பும் என்பது தெரியும். ஸீட் மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா, ஸ்டியரிங் உன் பக்கம் நீண்டு வருகிறதா என்று பார். கூரையில் கண்ணாடி ஜன்னல் வைத்த வண்டி என்றால் ஜாக்கிரதை; வானத்தைக் காட்டிவிட்டு உன் தலைக்கு உரிய ஓர் அங்குலத்தை எடுத்துக் கொள்ளும். எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளே ஏறி அரைமணி நேரம் ஓட்டிப் பார். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் காலைப் பத்துத் தடவை மாற்று. முழங்கால் எங்கேயும் இடிக்கக் கூடாது.”

“தலைக்கு?”

“தாத்தாவின் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போ” என்றேன். பூலான்ஜேயின் தொப்பியை நினைத்துக் கொண்டு வேடிக்கைக்காகத்தான் சொன்னேன்.

பையன் வேடிக்கையாக எடுத்துக் கொள்ளவில்லை. அடுத்த வாரம் திருச்சியில் நாலு கார்க் கடைகளுக்குத் தலைப்பாகையோடு போயிருக்கிறான். முதல் கடையில் அவனைக் கல்யாண மாப்பிள்ளை என்று நினைத்துக் கொண்டார்களாம். இரண்டு வண்டிகளைத் துண்டு தள்ளிவிட்டது. ஒன்றை முழங்கால் தள்ளிவிட்டது. நாலாவதை வாங்கினான். அது எந்த வண்டி என்று எழுத மாட்டேன். அவனுடைய உடம்புக்குப் பொருந்தியது உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. நாலு மீட்டருக்கு உட்பட்டது, 1,200 சி.சி.க்கு மேற்படாதது, கூரை உயர்ந்தது என்பதோடு நிறுத்திக் கொள்கிறேன்.

வண்டி ஊருக்கு வந்த அன்று நானும் இருந்தேன். எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு, முதலில் யாரை ஏற்றுவது என்ற பேச்சு வந்தது. பெரியம்மாவுக்கு எண்பது வயசு தாண்டிவிட்டது. 1987-க்குப் பிறகு எந்தக் காரிலும் முன் ஸீட்டில் உட்கார்ந்ததில்லை என்று பிடிவாதமாக இருந்தவர். அன்றைக்குத் தாமாகவே நடந்து வந்து, முன் கதவைத் திறக்கச் சொல்லி, கோணல் மணிக்கட்டால் பிடியைப் பற்றிக் கொண்டு ஏறி உட்கார்ந்தார். பேரன் பெல்ட்டை மாட்டிவிட்டான்.

பெரியம்மா வண்டியின் பளபளப்பைப் பார்க்கவில்லை. குனிந்து, அவனுடைய காலடியைப் பார்த்தார்.

“ஏண்டா, கால் தாராளமா வருதா?” என்று கேட்டார்.